ராயபுரம்: தகரம் அடைத்த தெருவிலிருந்து அப்பாவை டயாலிசிஸுக்குக் கொண்டுபோக வேண்டும்

சென்னை ராயபுரத்தில் எங்கள் தெருவில் ஒருவருக்குக் கொரோனா தொற்று உறுதியானதும் தெருவின் இரண்டு முனையையும் அடைத்துவிட்டார்கள். அப்பாவுக்கு 71 வயது, நடக்க முடியாது. வாரத்தில் செவ்வாய், வெள்ளி டயாலிசிஸ். நேற்று (2020 ஜூன் 23) போக முடியவில்லை. கால் வீங்கியிருக்கிறது. வெள்ளியும் தவறவே கூடாது என்கிறார் டாக்டர்.

ஜூன் 19 முதல் 30 வரையிலான இந்த முழு ஊரடங்கிலும் மருத்துவ அவசரத்துக்கு வண்டி போகலாம். மருத்துவமனைக் கடிதமும் கையில் இருக்கிறது, ஆட்டோக்காரரும் வரத் தயார். சிக்கல் அந்தத் தகரம்தான். சவுக்குக் கம்பில் ஆணியடித்து, ஓர் ஆள் ஒருக்களித்து நுழையும் அளவுக்குத்தான் சந்து விட்டிருக்கிறார்கள். சக்கர நாற்காலி நுழையாது. தூக்கிப்போகலாம் என்றால் பக்கத்து வீட்டார் தொடவே பயப்படுகிறார்கள், அவர்களைக் குறை சொல்ல மனம் வரவில்லை.

உதவி எண்ணில் புகார் பதிந்தேன், எண் மட்டும் வந்தது. காய்ச்சல் விசாரிக்க வரும் பெண்ணிடம் சொன்னேன், மேலே சொல்வதாகச் சொன்னார். காவலுக்கு நிற்பவர் தனக்கு அதிகாரமில்லை என்கிறார். முறையிட இந்த 2020-இல் கவுன்சிலரும் கிடையாது, 2016 அக்டோபரோடு மாநகராட்சி மன்றத்தின் பதவிக்காலமே முடிந்துவிட்டது.

வெள்ளி காலைக்குள் ஒரு தகரத்தை மட்டும் கழற்ற, எந்த அதிகாரியிடம் எழுத்தில் கேட்க வேண்டும்?