அகமுடிச்சா, தள்ளுமுடிச்சா? ஒரு கலைச்சொல் விவாதம்

ஈசூன் மொழிபெயர்ப்பாளர்:
அன்பர்களுக்கு வணக்கம். சிங்கப்பூர் மருத்துவமனை ஒன்றின் பொதுமக்கள் நாளுக்கான விளக்கப் பலகைகளை வெள்ளிக்கிழமை அச்சுக்குக் கொடுக்க வேண்டும். லேப்ராஸ்கோப்பி அறுவையில் (வயிற்றில் சிறு துளைகள் இட்டு, திரையைப் பார்த்துச் செய்வது) முடிச்சுப் போடும் முறைகள் இரண்டு. ஒன்றில், வயிற்றுக்குள்ளேயே இரண்டு இடுக்கிகளால் முடிச்சுப் போடுகிறார்கள். மற்றதில், நூலின் இரு முனைகளையும் துளை வழியே வெளியே எடுத்து, கையால் முடிச்சுப் போட்டு, ஒரு கோலால் உள்ளே தள்ளி இறுக்குகிறார்கள். சீன, மலாய்ப் பலகைகள் தயார். தமிழ்தான் பாக்கி. இரண்டு முடிச்சுக்கும் பெயர் வேண்டும்.

பிடோக் தமிழாசிரியர் (ஓய்வு):
அகமுடிச்சு, புறமுடிச்சு. அகம், புறம் என்று பிரிப்பது நமக்குப் புதிதா? இதற்கு ஒரு விவாதம் வேறு வேண்டுமா?

செங்காங் மருத்துவர்:
ஐயா, சொல் அழகுதான். ஆனால் இரண்டு முடிச்சும் கடைசியில் உடலுக்குள்தான் இருக்கும். வேறுபாடு அது எங்கே போடப்படுகிறது என்பதில்தான். புறமுடிச்சு என்றால் தோல்மேல் தெரியும் தையல் என்றே படிப்பவர் நினைப்பார்.

ஜூரோங் அன்பர்:
அகமுடிச்சு என்றால் மனச்சிக்கல் என்பார் என் மாமியார். மனநல மருத்துவரைத் தேடி அடுத்த வரிசையில் போய் நிற்பார்.

பிடோக்:
மாமியாருக்காகத் தமிழைக் குறுக்க முடியாது. 'முடி' என்ற வேரைப் பாருங்கள். கட்டுதலே முதற்பொருள். முடிந்துகொள்வதால் கூந்தல் முடி; தலையில் கட்டுவதால் அரசன் முடி; இழையின் கடைசியைக் கட்டுவதால் செயல் முடிதல். முடங்குதல், முடைதல் எல்லாம் இதன் உறவே.

உட்லண்ட்ஸ் அன்பர்:
ஐயா, இதைத்தான் மொட்டைத்தலைக்கும் முழங்காலுக்கும் முடிச்சுப் போடுவது என்பார்கள்.

ஈசூன்:
தயவுசெய்து சொல்லுக்கு வாருங்கள். உள்ளே போடும்போது நூலை வளைத்து வைக்கும் அந்த வளையத்துக்கும் ஒரு பெயர் வேண்டும்.

செங்காங்:
அதுதான் கற்பவர்களைத் திணறடிக்கும் இடம். திரையில் ஆழம் தெரியாது. கையை வலப்பக்கம் அசைத்தால் கருவியின் நுனி இடப்பக்கம் போகும். சுமார் 15 செ.மீ. நூல், அதில் குட்டையான ஒரு வால். நீள நூலைப் பிறை போல் படுக்கவைத்து, அந்தப் பிறைக்கு மேலே இன்னோர் இடுக்கியை நிறுத்தி, அதைச் சுற்றி நூலை இரண்டு முறை சுற்றி, பிறகு வாலைக் கவ்வி இழுக்க வேண்டும். வால் நீண்டுவிட்டால் முனை கண்ணியிலிருந்து வெளியே வராமல் பாதியில் மடங்கி நிற்கும்.

பிடோக்:
மருத்துவரே சொல்லிவிட்டார்: பிறைக்கண்ணி! புறநானூற்றுக் கடவுள் வாழ்த்து 'கண்ணி' என்றே தொடங்குகிறது. அங்கே அது தலையில் சூடும் கொன்றை மாலை. கண்ணி வேறு, தார் வேறு...

ஜூரோங்:
இங்கே அது கண்ணிவெடி, ஐயா. நோயாளியின் வயிற்றுக்குள் வைக்க வேண்டாம். 'பிறை வளைவு' போதும்.

ஈசூன்:
பிறை வளைவு, எழுதிக்கொண்டேன். வெளியே போடுவது?

செங்காங்:
அதில் பழையது ரோடர் முடிச்சு. 1918இல் குழந்தைகளின் டான்சில் அறுவைக்கென வந்தது. ஜெர்மனியின் கீல் நகரில் கர்ட் செம் என்ற மருத்துவர் அதை லேப்ராஸ்கோப்பிக்குக் கொண்டுவந்தார். 1980இல் குடல்வாலை இம்முறையில் முதலில் அகற்றியவரும் அவரே. ஓர் அரைமுடிச்சு, இரண்டு இழையையும் சேர்த்து மூன்று சுற்று, பூட்டுவதற்கு மீண்டும் ஓர் அரைமுடிச்சு. கேட்கட் நூல் ஈரத்தில் ஊதி இறுகும். செயற்கை இழைகளில் அந்த வசதி குறைவு.

பிடோக்:
கேட்கட் என்பது ஆடுமாடுகளின் குடலிலிருந்து எடுக்கும் இழைதானே? யாழில் கட்டிய இழைக்கு நம்மவர் 'நரம்பு' என்றார்கள். நரம்பு முடிச்சு!

செங்காங்:
வேண்டவே வேண்டாம். நரம்பைப் பிடித்துக் கட்டிவிட்டார்கள் என்று புகார் வரும்.

உட்லண்ட்ஸ்:
நழுவி இறங்குவதால் நழுவுமுடிச்சு?

செங்காங்:
நழுவினால் இரத்தம் கசியும். நழுவாமல் நிற்பதற்குத்தானே இத்தனை பாடு.

தெம்பனிஸ் அன்பர்:
எங்கள் ஊரில் உருவாஞ்சுருக்கு என்போம். இழுத்தால் இறுகும்.

ஈசூன்:
அக்கா, அது தூக்குக்கயிற்றை நினைவூட்டாதா? 'தள்ளுமுடிச்சு' எப்படி? தள்ளுவண்டி போல.

உட்லண்ட்ஸ்:
தள்ளுபடி விற்பனை ஞாபகம் வருகிறது. ஆனாலும் சரி. வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழகம்), மசேநி (மத்திய சேம நிதி) என்றால் சென்னையில் விழிப்பார்கள். நம் புளோக் கீழே உட்கார்ந்திருக்கும் பெரியவர்களுக்குப் பழகிவிட்டது. தள்ளுமுடிச்சும் பழகும்.

ஜூரோங்:
என் வாக்கும் அதற்கே. மணி பதினொன்றரை. நாளை வேலை இருக்கிறது.

ஈசூன்:
அப்படியானால் 'உள்ளே போடும் முடிச்சு', 'தள்ளுமுடிச்சு' என்றே அனுப்புகிறேன். மூவர் ஆதரவு, ஒருவர் எதிர்ப்பு. தெம்பனிஸ் அக்கா இன்னும் பதில் சொல்லவில்லை.

பிடோக்:
என் எதிர்ப்பைப் பதிவுசெய்யுங்கள். ஒன்று தொடர், மற்றது வினைத்தொகை. ஒரே பலகையில் இரண்டும் இணைசேரவில்லை. 'அகத்திடு முடிச்சு' என்றால் மருத்துவர் கேட்ட பொருளும் வந்துவிடும். அச்சகத்துக்கு எத்தனை மணிவரை நேரம் இருக்கிறது?