மறு: கோட்லெஸ் ட்ரில்லுக்குத் தமிழ் – அதிர்துளைப்பான், இடிதுளைப்பான்

குழும அன்பர்களுக்கு வணக்கம். பற்றரியில் ஓடும் கோட்லெஸ் ட்ரில்லைத் தமிழில் எப்படிச் சொல்வது என்று நம் குழுமத்தில் நடக்கும் பேச்சுக்கு என் பதில் இது.

> "கம்பியில்லாத் துளைப்பான்" போதுமே. எல்லோருக்கும் விளங்கும்.

விளங்கும்தான். ஆனால் கொழும்பில் கம்பி என்றால் முதலில் யன்னல் கம்பியும் கொங்கிறீட் கம்பியும்தான் ஞாபகம் வரும். இல்லாத வயரைச் சொல்வதைவிட உள்ளே இருக்கும் பற்றரியைச் சொல்லலாம். மலிவான ட்ரில் முதலில் கைவிடுவதும் அங்கேதான். "மின்கலத் துளைப்பான்" என்பதற்கே என் வாக்கு. கண்டி ஐயா சொன்ன "துறப்பணம்" அழகான பழஞ்சொல், தச்சு வேலைக்காரர் சிலர் வாயில் இன்னும் இருக்கிறது. ஆனால் பத்திரிகைகள் அதை எண்ணெய்க் கிணறு தோண்டுவதற்குக் கொண்டுபோய்விட்டன. அதோடு துறப்பணமா, துரப்பணமா என்ற எழுத்துச் சண்டை வேறு. அதற்குள் நான் வரவில்லை.

எனக்குப் பெரிய குறையாகத் தெரிவது வேறு. முந்தைய மடலில் வந்த பட்டியலில் "சுத்தியல் துளைப்பான்" என்று ஒரே சொல்லை ஹாமர் ட்ரில், ரோட்டரி ஹாமர் என்ற இரண்டு வேறு கருவிகளுக்குப் போட்டிருக்கிறோம். மலிவு ட்ரில் வீட்டு வேலைக்குக் காணுமா என்று தம்பி ஒருவர் கேட்டாரே, அந்தக் கேள்விக்குப் பதில் முழுக்க இந்தக் குழப்பத்துக்குள்தான் கிடக்கிறது.

பழைய சோனகத் தெருவில் ஏதாவது ஒரு ஹாட்வெயார் கடையில் மலிவான மின்கலத் துளைப்பான் ஒன்றை எடுத்துப் பாருங்கள். அலகு, அதாவது துளைபோடும் கம்பி, மாட்டும் வாய்க்குப் பின்னால் உள்ள கழுத்து வளையத்தில் பெரும்பாலும் குட்டிச் சுத்தியல் படம் ஒன்று இருக்கும். வாங்குகிறவர் அதைப் பார்த்து, இது கொங்கிறீட்டையும் துளைக்கும் என்று எண்ணிக்கொள்வார். வீட்டுக்குப் போனதும் முதல் வேலை என்ன? திரைச்சீலைக் கம்பி மாட்டுவது. அது யன்னலுக்கு நேர் மேலே வரும். அந்த இடத்தில் இருப்பது லிண்டல், அதாவது கொங்கிறீட் வளை. வெள்ளவத்தைத் தொடர்மாடி என்றால் தூணும் வளையும் கொங்கிறீட், நடுச்சுவர்தான் செங்கல்லோ புளொக் கல்லோ. செங்கல் சுவரில் 6 மில்லிமீற்றர் றோல் பிளக்குக்கு (திருகாணி பிடிக்கச் சுவரில் செருகும் பிளாஸ்டிக் குழல்) துளை போட அந்த ட்ரில் தாராளமாகப் போதும். லிண்டலில் சீமெந்துப் பூச்சைக் கடந்ததும் நின்றுவிடும். அலகின் முனை சிவந்து, மாத்தூள் மட்டும் கொட்டும். பிறகு "மலிவுச் சாமான், குப்பை" என்ற பழி. பாவம், அது செய்ய முடியாத வேலையை அதனிடம் கொடுத்துவிட்டோம்.

காரணம் உள்ளே இருக்கிறது. சுத்தியல் படம் போட்ட சாதாரண ட்ரில்லில் பற்கள் வெட்டிய இரண்டு தட்டுகள் ஒன்றின்மேல் ஒன்று உரசிச் சுற்றும். ஒவ்வொரு பல்லும் ஏறி இறங்கும்போது அலகு துளியளவு முன்னும் பின்னும் துள்ளும். நிமிடத்துக்கு 20,000 தடவைக்கு மேல் துள்ளினாலும் ஒவ்வொரு துள்ளலிலும் பலம் கொஞ்சம்தான். மிச்சப் பலத்தை நம் தோள் கொடுக்க வேண்டும். மேசன்மார் கையில் இருக்கும் பெரிய கருவி வேறு வகை. அதற்குள் ஒரு பிஸ்டன் காற்றை அழுத்த, அந்தக் காற்று ஓர் இரும்புக் குண்டைத் தள்ள, குண்டு அலகின் பின்புறத்தில் போய் அடிக்கும். நிமிடத்துக்கு 4,000, 5,000 அடிதான், ஆனால் ஒவ்வொன்றும் உண்மையான அடி. அலகும் அதற்கென்றே காடி வெட்டிய தண்டோடு வரும். நாம் பிடித்துக்கொண்டால் போதும், தள்ளத் தேவையில்லை.

ஜெர்மன்காரர் இரண்டுக்கும் தனித்தனிப் பெயர் வைத்திருக்கிறார்கள்: ஷ்லாக்போர்மஷீனே, போர்ஹாமர். நாமும் வைப்போம். முதலாவது அதிர்துளைப்பான், இரண்டாவது இடிதுளைப்பான். இரண்டும் வினைத்தொகை, சுடுநீர், ஊறுகாய் போல. நடுவில் வல்லெழுத்து மிகாது, ஆகவே "அதிர்த்துளைப்பான்" என்று யாரும் திருத்த வேண்டாம்.

> இடித்தல் என்றால் சுவரை இடித்து விழுத்துவது அல்லவா?

சரி, அந்தக் கருவி அதையும் செய்யும். சுழற்சியை நிறுத்தி உளி அலகு போட்டால் பூச்சை உடைக்கலாம், டைல் கழற்றலாம். பெயர் அதற்கும் பொருந்துகிறது.

தம்பிக்கு: மரம், அலுமாரி மூட்டுவது, செங்கல் சுவர் இவ்வளவுதான் என்றால் மலிவான மின்கல அதிர்துளைப்பானைத் தயங்காமல் வாங்கலாம். திருகாணி முடுக்க அதைப்போல வசதி வேறில்லை. கழுத்து வளையத்தில் இலக்கத்தைக் குறைத்து வைத்தால் ஆணித் தலை வழுகாது. வோல்ற்றைப் பார்த்து ஏமாற வேண்டாம். 18, 20, 21 என்று எழுதியிருப்பவை பெரும்பாலும் ஒன்றுதான்: 3.6 வோல்ற்றுக் கலம் ஐந்தைத் தொடராக அடுக்கினால் 18, முழுதாக மின்னேற்றினால் 21. 48, 88 என்று போட்டு "வி"க்குப் பக்கத்தில் "எஃப்" என்று ஓர் எழுத்தைச் செருகியிருந்தால் அது வோல்ற்றே இல்லை, வெறும் மாதிரிப் பெயர். கடைக்காரரிடம் அம்பியர் மணி, அதாவது பற்றரியின் கொள்ளளவு, எத்தனை என்று கேளுங்கள், இரண்டாவது பற்றரி தனியாகக் கிடைக்குமா என்றும் கேளுங்கள். லிண்டலுக்கு மட்டும் பக்கத்து வீட்டு இடிதுளைப்பானை ஒரு பின்னேரம் இரவல் வாங்குவதே நல்லது. வருடத்தில் சில துளைதான் என்றால், அதே காசுக்கு வயர் உள்ள அதிர்துளைப்பான் வாங்கலாம்; பற்றரி செத்துப்போகும் கவலை இல்லை.

அப்புறம், அலகைக் கவ்விப் பிடிக்கும் மூன்று தாடைப் பகுதிக்கு இன்னும் ஒத்த சொல் வரவில்லை. நாங்கள் "சக்" என்றே சொல்கிறோம். "கவ்வி" என்று எழுதலாமா, அல்லது மட்டக்களப்பு, யாழ்ப்பாணப் பக்கத்துத் தச்சர்மாரிடம் அதற்கு ஏற்கெனவே ஒரு பெயர் இருக்கிறதா? தெரிந்தவர்கள் எழுதுங்கள்.