ஈஆர்பிநெக்ஸ்ட்டை மாற்றிக் கொடுத்தோம், சோர்ஸ் கோடு கேட்கிறார்கள். தர வேண்டுமா?

பின்னலாடை_பில்: வணக்கம், அவசரம். ஈஆர்பிநெக்ஸ்ட் என்ற கம்பெனி நிர்வாக மென்பொருளில் ஜாப் ஒர்க் கணக்குக்காக நிறைய மாற்றி ஒரு கம்பெனிக்குக் கொடுத்தோம். இப்போது சோர்ஸ் கோடு, அதாவது மூலநிரல், கேட்கிறார்கள். முதலாளி முடியாது என்கிறார். நாளை காலை மீட்டிங். என்ன சொல்வது?

மதுரை_சர்வர்: உங்கள் சர்வரில் ஓடுகிறதா, அவர்கள் இடத்திலா? அது தெரியாமல் ஒன்றும் சொல்ல முடியாது.

நிரலி: அக்ரிமெண்டில் என்ன எழுதியிருக்கிறீர்கள்?

கருவிப்பெட்டி: ஈஆர்பிநெக்ஸ்ட்டின் அடித்தளமான ஃப்ராப்பேவுக்கு, மூலநிரல் தரச் சொல்லாத எம்ஐடி உரிமம்தானே? தனி ஆப்பாக எழுதியிருந்தால் தர வேண்டியதில்லை. நான் எப்போதும் அப்படித்தான் செய்வேன்.

பழைய_முனையம்: தம்பி, உரிமத்தை ஒரு தடவையாவது படித்துவிட்டு வாருங்கள். ஃப்ராப்பே எம்ஐடி. ஈஆர்பிநெக்ஸ்ட் ஜிபிஎல் 3, பிரதி கொடுத்தால் மூலநிரலும் தரச் சொல்லும் உரிமம். சேல்ஸ் இன்வாய்ஸ் ஃபைலைத் திறந்தால் தலையிலேயே எழுதியிருக்கிறது. பத்து வருடமாக இதையேதான் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

பின்னலாடை_பில்: அவர்கள் ஆபீஸ் சர்வரில்தான். சேல்ஸ் இன்வாய்ஸ், டெலிவரி நோட் ஃபைல்களையே மாற்றினோம். கம்பைல் செய்துவிட்டு, பைதான் ஃபைல்களை அழித்துத்தான் கொடுத்தோம். கோடை வெளியே யாருக்கும் தரக்கூடாது என்று அக்ரிமெண்டில் ஒரு வரி இருக்கிறது.

மதுரை_சர்வர்: அப்படியானால் கொடுத்தே ஆக வேண்டும். பிரதி அவர்கள் கைக்குப் போய்விட்டது. ஊருக்கெல்லாம் வெளியிட வேண்டாம், வாங்கியவருக்குக் கொடுத்தால் போதும். உங்கள் சர்வரில் ஓடி, அவர்கள் பிரவுசரில் மட்டும் பார்த்திருந்தால் ஜிபிஎல்லில் இந்தக் கடமை வராது. ஜிபிஎல்லின் இன்னும் கடுமையான வகையான ஏஜிபிஎல் என்றால் அப்போதும் வரும். அப்புறம் அந்த அக்ரிமெண்ட் வரியை எடுத்துவிடுங்கள். கூடுதல் தடை போட ஜிபிஎல்லின் 10ஆம் பிரிவு விடாது.

கருவிப்பெட்டி: இலவச சாஃப்ட்வேருக்குக் காசு வாங்கியதே தப்பில்லையா?

நிரலி: இலவசம் இல்லை, கட்டற்ற மென்பொருள்: யாரும் மாற்றலாம், பகிரலாம் என்று பொருள். எந்த விலையும் வைக்கலாம் என்று 4ஆம் பிரிவு சொல்கிறது.

கருவிப்பெட்டி: கடைக்காரரிடம் "கட்டற்ற" என்றால் புரியுமா? ஓப்பன் சோர்ஸ் என்றே சொல்லலாம்.

நிரலி: சொல்லச் சொல்லத்தான் பழகும். இலவசம் என்று சொல்லிச் சொல்லியே சர்வீஸுக்குக்கூடக் காசு தர மறுக்கிறார்கள். அந்தக் கஷ்டம் எனக்குத் தெரியும்.

பழைய_முனையம்: இந்தச் சண்டைக்குத் தனி இழை போடுங்கள். பின்னலாடை, முதலாளியிடம் இதைச் சொல்லுங்கள்: பிரான்சில் ஜிபிஎல் மீறலுக்காக ஆரஞ்ச் தொலைத்தொடர்பு நிறுவனம் பல லட்சம் யூரோ இழப்பீடு தர வேண்டும் என்று 2024 பிப்ரவரியில் பாரிஸ் மேல்முறையீட்டு நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

பின்னலாடை_பில்: மீட்டிங் முடிந்தது. மாற்றிய ஃபைல்களைப் பென் டிரைவில் கொடுத்துவிட்டோம். அந்த வரியையும் அடித்தாயிற்று. சர்வீஸ் காண்ட்ராக்ட் தொடர்கிறது. எல்லோருக்கும் நன்றி.

மதுரை_சர்வர்: மாற்றியது மட்டும் போதாது, அவர்களிடம் ஓடும் பதிப்பின் முழு மூலநிரலும் வேண்டும். உரிமக் கோப்பையும் சேர்த்தீர்களா?

மதுரை_சர்வர்: பின்னலாடை, இருக்கிறீர்களா?