ஆவாரம்பூவை டீக்குக் காயவைப்பது எப்படி?

எல்லோருக்கும் வணக்கம். பொங்கலுக்குக் காப்புக் கட்டப் பறித்த ஆவாரம்பூ ஒரு பை நிறைய மிஞ்சிவிட்டது, வீணாக்க மனம் வராமல் டீ போடலாம் என்று வீட்டுக்குள்ளேயே செய்தித்தாளில் பரப்பி நான்கு நாள் நிழலில் காயவைத்தேன். இதழ் மொறுமொறு என்று ஆகிவிட்டது, சரி என்று கண்ணாடி பாட்டிலில் போட்டு மூடினால் பத்தே நாளில் பூஞ்சை! அத்தனையும் குப்பைக்குப் போனது. காம்பையும் மொட்டையும் கிள்ளாமல் விட்டதுதான் தப்போ? அவற்றில்தான் ஈரம் நின்றிருக்கும் என்று நினைக்கிறேன்.

மாடியில் வெயிலில் போட்டால் மஞ்சள் வெளுத்துவிடும் என்கிறார் அம்மா. நீங்கள் எப்படிக் காயவைக்கிறீர்கள், எத்தனை நாள்?

அப்புறம், பச்சைப் பூவில் ஒரு நாள் போட்டுப் பார்த்தேன், ஐந்து நிமிடம் கொதித்ததும் வாயைத் துவர்த்தது. கொதிக்கவிடாமல் வெந்நீரை ஊற்றி மூடிவைத்தால் போதுமா? ஒரு டம்ளருக்கு எத்தனை பூ? சுக்கு, ஏலக்காய் சேர்ப்பவர்கள் அளவையும் சொல்லுங்கள். சங்குப்பூ டீ எனக்கு நன்றாகவே வருகிறது, எலுமிச்சை பிழிந்தால் நீலம் ஊதாவாக மாறுவதைப் பார்க்கவே பிள்ளைகள் கேட்டுக் குடிக்கிறார்கள். ஆவாரம்பூதான் படுத்துகிறது.

மாமியார் சர்க்கரைக்கு மாத்திரை எடுக்கிறார், அதனால் டாக்டரைக் கேட்காமல் அவருக்குக் கொடுக்கப்போவதில்லை, இப்போதைக்கு எனக்கு மட்டும்தான்.