புது வெப்சைட் போட்டதும் கூகுளில் பெயர் குப்பையாத் தெரியுது, பாய் ஆர்டர் குறைஞ்சிட்டு – உதவி வேணும்

கோரைக்கரை (பத்தமடை)

கோரைப்பாய் விக்கிறோம். சாதாப் பாய், பட்டுப்பாய், பொண்ணு மாப்பிள்ளை பெயர் நெய்த கல்யாணப் பாய் மூணும் உண்டு. பழைய சைட் வேர்ட்பிரஸ் (சைட் நடத்துற மென்பொருள்), பக்க முகவரி எல்லாம் தமிழ்ல இருந்தது. டொமைனை மாத்தாம டிசைனை மட்டும் மாத்தி, வூகாமர்ஸ்ங்கிற விற்பனைத் துணை மென்பொருளையும் (பிளகின்) சேர்த்தோம். பார்க்க ரொம்ப நல்லா இருக்கு. ஆனா கூகுளில் எங்க பக்கத்துக்குத் தலைப்பா ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியும் கலந்து என்னமோ வருது. வாட்ஸ்அப்பில் லிங்க் அனுப்பினாலும் அதே குப்பைதான், படமும் வரலை. பாய் லேபிளில் அச்சடிச்ச க்யூஆர் கோடு 404 (பக்கம் இல்லை) காட்டுது. இன்ஸ்டாகிராமில் பூஸ்ட் (காசு கட்டிப் பதிவைப் பரப்புறது) போட்டா லைக் வருது, "விலை என்ன"ன்னு கேட்டுட்டு ஆள் போயிருதாங்க. எதை முதல்ல சரி பண்ண?

வண்ணார்பேட்டை வலைப்பணி

அண்ணாச்சி, முதல்ல பூஸ்ட்டை நிறுத்துங்க. கோளாறு சைட்டில் இருக்கும்போது ஆளைக் கூட்டிட்டு வந்து பலனில்லை.

குப்பையானாலும் கூகுளில் பக்கம் வருதுன்னா நோஇண்டெக்ஸ் (கூகுளில் காட்டாதேன்னு சொல்ற குறி) கோளாறு இல்லை. ஒரு சோதனை பண்ணுங்க. பாய் விவரத்தில் நாலு வரியைக் காப்பி பண்ணி வாட்ஸ்அப்பில் ஒட்டுங்க. தமிழா வந்தா யூனிகோட், எல்லாக் கருவியும் படிக்கிற பொதுக் குறியீடு. குப்பையா வந்தா அது பாமினி மாதிரி, ஆங்கில எழுத்துக்குத் தமிழ் உருவம் போடுற பழைய எழுத்துரு. பிரசுக்குக் கொடுத்த நோட்டீஸில் இருந்து அப்படியே எடுத்து ஒட்டியிருப்பாங்க.

கோரைக்கரை

குப்பைதான் வருது. ஆனா சைட்டில் தமிழ் தெளிவாத் தெரியுதே?

வண்ணார்பேட்டை வலைப்பணி

சைட்டோட பாமினி எழுத்துரு கோப்பையும் சேர்த்து ஏத்தியிருக்காங்க, அதனால கண்ணுக்குத் தமிழ். உள்ளே சேமிச்சிருக்கிறது ஆங்கில எழுத்துதான். கூகுளும் வாட்ஸ்அப்பும் அதைத்தான் படிக்கும். பிரவுசர் டேபிலயும் குப்பைதான் தெரியும், பாருங்க. பார்வையில்லாதவங்க போனில் வாசிச்சுக் கேட்டாலும் ஒண்ணும் புரியாது. நெட் மெதுவா இருக்கிற இடத்தில் எழுத்துரு இறங்கலைன்னா வாங்க வந்தவருக்கே குப்பைதான்.

இதைப் பாமினி-யூனிகோட் மாற்றியில் போட்டு மாத்தணும். இங்கதான் பலர் கெடுத்துக்கிடுதாங்க. பக்கத்தோட எச்டிஎம்எல்லை மொத்தமாப் போட்டா நிரல் குறிகளும் தமிழா மாறி பக்கமே உடைஞ்சிரும். நிஜமான ஆங்கிலச் சொற்கள், பொருள் குறியீடு, மின்னஞ்சல் முகவரி எல்லாம் அதே கதிதான். அதனால தமிழ் வரியை மட்டும் துண்டு துண்டா எடுத்து மாத்துங்க. தலைப்பு, விவரம், வகைப் பெயர், மெனு, படத்தோட மாற்று உரை (படத்துக்குப் பதிலா வாசிக்கிற விவரம்), எஸ்இஓ (தேடலில் மேல வரவைக்கிற) பிளகினில் இருக்கிற மெட்டா விவரம் (கூகுளில் தலைப்புக்குக் கீழ வர்ற சுருக்கம்), ஆர்டர் உறுதி மின்னஞ்சல் இத்தனையிலயும் தேடணும். கடைசி ரெண்டை யாரும் பார்க்கிறதில்லை. வேலைக்கு முன்னாடி டேட்டாபேஸ் பேக்கப் எடுத்து வைங்க.

மாத்தின பிறகு பாமினி கோப்பைத் தூக்கிட்டு நோட்டோ சான்ஸ் தமிழ் இல்லைன்னா முக்தா மலர் போடுங்க. ரெண்டு தடிமன் போதும். வரி உயரம் 1.6 வைங்க, இல்லைன்னா கீ, கூ மாதிரி எழுத்துகளுக்கு மேலயும் கீழயும் வெட்டுப்படும். எழுத்து இடைவெளியை 0 ஆக்குங்க. ஆங்கிலத்துக்குச் செஞ்ச டெம்ப்ளேட்டில் தலைப்புக்கு இடைவெளி கூட்டி வச்சிருப்பாங்க, சில போன்களில் கொம்பு தனியா கால் தனியா நிக்கும். பக்கத்தோட மொழிக் குறியும் தமிழ்னு இருக்கணும்.

தறியும் தளமும் (முக்கூடல்)

க்யூஆர் 404க்கு லேபிளை மறுபடி அச்சடிக்க வேண்டாம். பழைய முகவரி ஒவ்வொண்ணையும் அதுக்கு நேரான புதுப் பக்கத்துக்கு 301 (நிரந்தரத் திருப்புதல்) போட்டுத் திருப்பி விடுங்க. எல்லாத்தையும் முகப்புக்குத் திருப்பிராதீங்க. கூகுள் அதை மென் 404ன்னு, அதாவது பக்கமே இல்லாத மாதிரி எடுத்துக்கிடும், பழைய பக்கம் சம்பாதிச்ச மதிப்பு புதுப் பக்கத்துக்கு வராது. பட்டுப்பாய் லேபிளை ஸ்கேன் பண்ணினவரும் முகப்பில் நின்னு முழிப்பார்.

பழைய முகவரிப் பட்டியல் கூகுளோட இலவசக் கருவி சர்ச் கன்சோலில் கிடைக்கும். செயல்திறன் அறிக்கையில் 16 மாசம் வைச்சு, பக்கங்கள் தாவலைத் திறந்து, தாளா இறக்கிக்கோங்க. தலைப்பைப் பார்த்து முகவரியை ஊகிச்சு எழுதாதீங்க. காரணம் இருக்கு. வேர்ட்பிரஸில் முகவரித் துண்டுக்கு (டொமைனுக்குப் பின்னால வர்ற பக்கப் பெயர்) 200 எழுத்துக்குறிதான் இடம். தமிழில் ஒவ்வொரு குறியீட்டுப் புள்ளியும் (யூனிகோட் தனி எண் கொடுத்த குறி) முகவரியில் 9 குறியா விரியும். எழுத்தும் புள்ளியும் துணைக்குறியும் தனித்தனிக் கணக்கு. "பத்தமடை" மட்டுமே 7 குறியீட்டுப் புள்ளி, அதாவது 63 குறி. 22 குறியீட்டுப் புள்ளி தாண்டினா மிச்சம் வெட்டுப்படும். உங்க நீளமான தலைப்புகள் பாதியில் அறுந்துதான் முகவரியாகி இருக்கும்.

திருப்புதலை எச்டிஆக்சஸ் கோப்பில் (சர்வர் அமைப்புக் கோப்பு) எழுதினா, விழுக்காட்டுக் குறியோட (%) இருக்கிற முகவரியை ஒட்டாதீங்க, பொருந்தாது. அப்பாச்சி சர்வர் வர்ற முகவரியை விரிச்சுத் தமிழாக்கின பிறகுதான் ஒப்பிடும். தமிழ் எழுத்திலேயே எழுதி யுடிஎஃப்-8 (யூனிகோட் கோப்பு வடிவம்) ஆ சேமிங்க. நிர்வாகப் பக்கத்தில் இருந்தே செய்யணும்னா ரீடைரக்சன் பிளகின் போதும். குறைஞ்சது ஒரு வருசம் எடுக்காதீங்க. லேபிள் வெளியில் சுத்துற வரைக்கும் இருந்தா இன்னும் நல்லது.

புது முகவரி ஆங்கில எழுத்தில் மூணு நாலு சொல்லுக்குள் இருக்கட்டும். தமிழ்த் தலைப்புக்கு அது குறை இல்லை, வாட்ஸ்அப்பில் அனுப்பும்போது நீளமாக் கிடக்காது.

கல்லிடை வியாபாரம்

"விலை என்ன" பிரச்சினைக்கு: பதிவின் முதல் வரியிலேயே அளவும் விலையும் போடுங்க. சாதாப் பாய்க்கும் பட்டுப்பாய்க்கும் ஏன் இவ்வளவு வித்தியாசம்னு பக்கத்தில் சொல்லாட்டி, வாங்குறவர் பிளாஸ்டிக் பாயோட ஒப்பிட்டுட்டுப் போயிருவார். பாவு நூல் (தறியில் நீளவாக்கில் ஓடுறது) பருத்தியா பட்டா, எத்தனை பாவு, கோரையை எவ்வளவு மெலிசாக் கீறுதீங்க, இதை எழுதுங்க. பட்டுப்பாயைத் துணி மாதிரி மடிக்கிற 10 விநாடி வீடியோ ஒண்ணு மேல வைங்க. பத்தமடைப் பாயோட அருமையை அது மாதிரி வேறெதுவும் காட்டாது. போட்டோவுக்குப் பக்கவாட்டில் சாய்வா விழுற காலை வெளிச்சம் வேணும், ஃபிளாஷ் போட்டா நெசவு தெரியாது. படம் 1200 பிக்சல் அகலம், வெப்பி (WebP) வடிவம், 150 கேபிக்குள்.

இன்னொண்ணு, கூரியர் செலவை எங்க காட்டுதீங்க? கடைசிப் படியில் திடீர்னு கூடினா அங்கேயே விட்டுட்டுப் போயிருவாங்க. பெரும்பாலான கூரியரில் நீளம், அகலம், உயரம் மூணையும் சென்டிமீட்டரில் பெருக்கி 5000 ஆல் வகுத்து ஒரு கணக்கு எடை எடுப்பாங்க, நிஜ எடை அதைவிடக் குறைவா இருந்தா அந்தக் கணக்கு எடைக்குத்தான் காசு. ஆறுக்கு மூணு அடிப் பாயைச் சுருட்டி 95, 12, 12 பெட்டியில் வச்சா 2.7 கிலோ கணக்கு. பட்டுப்பாயை மடிச்சு 35, 25, 8 பெட்டியில் வச்சா 1.4 கிலோ. சாதாப் பாயை மடிக்காதீங்க, கோரை ஒடிஞ்சிரும். அதுக்குச் செலவை விலையிலேயே சேர்த்திருங்க.

பெயரும் சின்னமும் (பாளை)

லோகோவில் என்ன பெயர் போட்டிருக்கீங்க?

கோரைக்கரை

"ஒரிஜினல் பத்தமடைப் பாய்". கடைப் பெயர் கீழ சின்னதா இருக்கு.

பெயரும் சின்னமும் (பாளை)

தலைகீழா மாத்துங்க. பத்தமடைப் பாய் புவிசார் குறியீடு (ஒரு ஊருக்கே உரிய பொருள்னு அரசு தர்ற பதிவு) வாங்கின பெயர், அந்த ஊர் நெசவாளர் எல்லாருக்கும் பொது. 1999 புவிசார் குறியீட்டுச் சட்டத்தின் 25ஆம் பிரிவுப்படி புவிசார் குறியீட்டைத் தனி ஆள் வணிக முத்திரையாப் பதிய முடியாது. நீங்க காசு போட்டு வளர்த்தாலும் நாளைக்குப் பக்கத்துக் கடைக்காரர் அதே பெயரைப் போட்டா கேட்க வழியில்லை. கடைப் பெயரைப் பெரிசாப் போட்டு அதை முத்திரையாப் பதியுங்க. அதோட, சென்னையில் இருக்கிற புவிசார் குறியீட்டுப் பதிவகத்தில் அங்கீகரிக்கப்பட்ட பயனராப் பதிஞ்சுக்கோங்க. மெஷின் பாயை இந்தப் பெயரில் விக்கிறவங்க மேல நடவடிக்கை கேட்கும்போது அந்தப் பதிவுதான் கைகொடுக்கும்.

கூகுள் வணிகப் பக்கத்திலும் பெயர்ப்பலகையில் இருக்கிற பெயர் மட்டும். "மலிவு விலை", "நம்பர் 1"னு ஒட்டினா பக்கத்தை முடக்கிருவாங்க.

கோரைக்கரை

எழுத்து எல்லாம் மாத்தியாச்சு, 301ம் போட்டாச்சு. லேபிள் ஸ்கேன் சரியான பக்கத்துக்குப் போகுது. ரொம்ப நன்றி அண்ணாச்சிமாரே. வாட்ஸ்அப்பில் மட்டும் இன்னும் பழைய குப்பை வருதே? விளம்பரம் எப்ப திரும்பப் போடலாம்?

வண்ணார்பேட்டை வலைப்பணி

வாட்ஸ்அப் பழைய முன்னோட்டத்தைச் சேமிச்சு வச்சிருக்கு. முகவரிக் கடைசியில் கேள்விக்குறி போட்டு ஏதாவது எழுத்து, சமக்குறி, எண் சேர்த்து அனுப்பிப் பாருங்க. அதில் சரியா வந்தா சைட் சரி, பழையது தானா மாறும். படம் அப்பவும் வரலைன்னா ஓஜி படத்தோட (லிங்க் முன்னோட்டத்துக்குக் குறிச்ச படம்) முகவரி எச்டிடிபிஎஸ்ஸில் தொடங்கி முழுசா இருக்கான்னு பாருங்க. 1200க்கு 630 அளவு, 300 கேபிக்குள் வைங்க. சர்ச் கன்சோலில் தளவரைபடத்தை (சைட்டோட பக்கப் பட்டியல் கோப்பு) மறுபடி கொடுத்திருங்க.

கல்லிடை வியாபாரம்

பூஸ்ட் பட்டன் வேண்டாம், மெட்டாவோட விளம்பர மேலாளரில் போய் வாட்ஸ்அப் உரையாடலை இலக்கா வைங்க. விற்பனை இலக்கு வச்சா கற்றுக்கொள்ளும் கட்டம் (யாருக்குக் காட்டணும்னு மெட்டா பழகுற காலம்) முடிய போதுமான ஆர்டர் வேணும், சின்னக் கடைக்கு அது எட்டுறது கஷ்டம். கல்யாணப் பாய்க்கு ஆடியில் போடுங்க. ஆவணி முகூர்த்தத்துக்குப் பெயர் நெய்ய நாள் வேணுமே. அதே மாதிரி தை முகூர்த்தத்துக்குக் கார்த்திகையிலயே தொடங்கிருங்க. பக்கத்திலும் "பெயர் நெய்ய இத்தனை நாள் ஆகும், இந்தத் தேதிக்குள் சொல்லணும்"னு மேலேயே எழுதிப் போடுங்க. அதைப் படிச்சிட்டு வர்றவங்க விலையை மட்டும் கேட்டுட்டுப் போக மாட்டாங்க, தேதியும் சொல்லுவாங்க.