புதுப்பிப்பு: என் நூலோவியங்களின் உரிமை திரும்பக் கிடைத்தது

நான் எழுதி வரைந்த சிறுவர் நூலின் ஓவியங்களை நாட்காட்டியாகவும் அஞ்சலட்டைகளாகவும் வெளியிடலாமா என்று மூன்று மாதங்களுக்கு முன் இங்கே கேட்டிருந்தேன்; பதிலளித்த அனைவருக்கும் நன்றி.

இந்தியப் பதிப்புரிமைச் சட்டம், 1957இன் 19ஆம் பிரிவைப் பார்க்கச் சொன்ன நண்பரின் யோசனையே கைகொடுத்தது. உரிமையை எழுதிக்கொடுக்கும் ஒப்பந்தத்தில் கால அளவு குறிப்பிடப்படாவிட்டால் அதை 5 ஆண்டுகள் என்றே அச்சட்டம் கொள்கிறது. 2017இல் நான் கையெழுத்திட்ட ஒப்பந்தத்தில் காலம் எதுவும் இல்லை என்பதைச் சுட்டிக் கடிதம் எழுதியதும், உரிமை என்னிடம் திரும்பிவிட்டதைப் பதிப்பகத்தார் எழுத்துமூலம் உறுதிசெய்தனர்.

நான் எதிர்பாராதது, அவர்களிடமிருந்த கோப்புகள் நூலின் அளவுக்குச் சுருக்கப்பட்டிருந்ததுதான். பெரிய நாட்காட்டிக்கு அவை பயன்படவில்லை. நல்லவேளையாக, மூல நீர்வண்ணத் தாள்களைப் பத்திரப்படுத்தியிருந்ததால், 600 டிபிஐயில் (அங்குலத்துக்கு 600 புள்ளிகள்) புதிதாக ஸ்கேன் செய்து அச்சகத்திற்குக் கொடுத்துவிட்டேன்.