கண்டிப் பக்கம் ஃபைப்ரோஸ்கேன் (ஈரலில் தழும்பு இருக்கிறதா என்று பார்க்கும் ஸ்கேன்) எங்கே எடுக்கலாம்?

நாங்கள் ஹட்டன் பக்கத் தோட்டமொன்றில் இருக்கிறோம். அம்மாவுக்கு 52 வயது, எட்டு வருடமாகச் சீனி வருத்தம், மெட்ஃபோர்மின் குடிக்கிறா. ஜனவரியில் கிளினிக்கில் எடுத்த இரத்தப் பரிசோதனையில் ஏ.எல்.டி. என்ற ஈரல் என்சைம் 88. பக்கத்தில் தடித்த எழுத்தில் ஒரு 'எச்', அதாவது கூடுதல். அதைப் பார்த்ததிலிருந்து அம்மாவுக்கு நித்திரை இல்லை. "ஒரு சொட்டுக்கூடக் குடிச்சதில்லையே, எனக்கு எப்பிடி ஈரல் வருத்தம்?" என்பதுதான் தினமும் கேள்வி.

லயத்தில் யாரோ சொல்லி மூன்று வாரம் கீழாநெல்லிச் சாறு குடித்தா. எனக்குத் தெரிந்ததும் நிறுத்தினேன். ஏப்ரலில் திரும்ப எடுத்தோம்: ஏ.எல்.டி. 94, இன்னொரு ஈரல் என்சைமான ஏ.எஸ்.டி. 61, பிளேட்லெட் 2,10,000. பிலிருபின், அல்புமின் இரண்டும் சரி. ஹெபடைடிஸ் பி, சி இரண்டும் இல்லை. வயிற்று ஸ்கேனில் ஈரலில் கொழுப்பு. கண் மஞ்சள், கால் வீக்கம் எதுவும் இல்லை, களைப்பு மட்டும்.

டொக்டர் வயதையும் இந்த எண்களையும் வைத்து ஃபிப்-4 என்ற ஈரல் தழும்புக் கணக்குப் போட்டார், 1.56 வந்தது. 1.3க்குக் கீழே என்றால் பயமில்லை, 2.67க்கு மேலே என்றால் தழும்பு கூடுதலாக இருக்கலாம், இது நடுவில் நிற்கிறது, ஃபைப்ரோஸ்கேன் எடுத்தால் நல்லது என்றார். என்சைம் எண்ணை வைத்து மட்டும் தழும்பைச் சொல்ல முடியாதாம்.

இங்கே இரண்டு இடத்தில் விசாரித்தேன், கொழும்புக்குப் போகச் சொல்கிறார்கள். அம்மாவுக்கு பஸ்ஸில் கினிகத்தேனை வளைவு தாண்டுவதற்குள்ளேயே வாந்தி.

கண்டியிலோ பேராதனையிலோ சமீபத்தில் ஃபைப்ரோஸ்கேன் எடுத்தவர்கள் யாராவது, எங்கே எடுத்தீர்கள் என்று சொல்ல முடியுமா?